கொள்ளிடத்தானின் சொந்தப் பெயர்

'நாணல்' பத்திரிகையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மொத்தமே ஒரு பிரதிதான். திருவானைக்காவலில் அருள்நாதன் என்ற தமிழ் வாத்தியார், வந்து சேரும் கதை கவிதைகளைத் தன் கையால் எழுதி, தைத்து, காக்கி அட்டை போட்டுச் சுற்றுக்கு விடுவார். ஸ்ரீரங்கம், காந்தி மார்க்கெட் என்று கைமாறிப் புத்தூரில் வீரமலையின் சைக்கிள் கடைக்கு வரும். நான் கறிகாய் வாங்கப் போகிறபோது எடுத்து வருவேன்.

"சார் படிச்சதும் குடுத்துடுங்கம்மா, அடுத்த ஆளு காத்திருக்காரு" என்பார் வீரமலை. எந்த சார் என்று நானும் கேட்டதில்லை.

அந்தப் பத்திரிகையின் உயிர் கதைகளில் இல்லை. கடைசியில் தைத்திருக்கும் வெள்ளைத் தாள்களில் இருந்தது. படித்தவர்கள் அதில் அபிப்பிராயம் எழுதுவார்கள், அதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதுவார், சண்டையும் அங்கேயே நடக்கும். எல்லாருக்கும் புனைபெயர். நான் கொள்ளிடத்தான். ஆண் பெயராக இருந்தால் சமையல் குறிப்பு கேட்க மாட்டார்கள் என்றுதான் அதை வைத்துக்கொண்டேன். 'கொள்ளிடத்தான் அண்ணே, இந்த முடிவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்று ஒருவர் எழுதியிருப்பார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம். வீட்டில் என் அபிப்பிராயம் குழம்பில் உப்பு சரியா என்பதோடு முடிந்துவிடும். என்னோடு மல்லுக்கு நிற்க ஊரில் ஆள் இருந்தது அந்தத் தாள்களில் மட்டும்தான்.

எழுபத்தொன்பதில் அதற்கும் கேடு வந்தது. 'எரிதழல்' என்று ஒரு மகானுபாவர், ஸ்ரீரங்கத்துக் கவிஞர் ஒருவரைத் தாயார் வரைக்கும் இழுத்துத் திட்டி எழுதிவிட்டார். வாத்தியார் வெகுண்டுவிட்டார். முகமூடிக்குள் இருந்துகொண்டு கல் எறிவது பண்பாடு அல்ல, இனி எல்லாரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும், மறுப்பவர்களுக்குப் பத்திரிகை வராது என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார். திட்டியவன் ஒருவன், தண்டனை ஊருக்கே.

நான் யோசித்துப் பார்த்தேன். பத்திரிகை வராமல் போவதைவிடப் பெயர் வெளியே தெரிவது பெரிதாகப் படவில்லை. அடுத்த கதைக்குக் கீழே 'இருதயமேரி, புத்தூர்' என்று எழுதி அனுப்பினேன். லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றுகிற ஒருவரின் கதை அது.

சுற்றி வந்த தாள்களைப் பிரித்தேன். 'நடையைப் பார்த்தாலே கொள்ளிடத்தான் என்று தெரிகிறது. சொந்தப் பெயர் கேட்டால் சம்சாரத்தின் பெயரைப் போடுகிறாரே, இது நியாயமா?' என்று ஒருவர். பத்திரிகைகளில் ஆண்கள் மனைவி பெயரில் எழுதுவது அப்போது சகஜம். பெண் பெயரைப் பார்த்தாலே பின்னால் ஒரு மீசையைத் தேடுவார்கள். 'என் வீட்டில் நடக்கும் அடுத்த வாசகர் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கம் தரவும். இல்லையேல் பெயர் நீக்கப்படும்' என்று அடியில் வாத்தியாரின் சிவப்பு மை.

நேரில் போனால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு திருவானைக்காவலுக்குப் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், நாற்காலி போட்டார்கள், காபி வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார் வரலிங்களா?" என்றார் வாத்தியார்.

"நான்தாங்க எழுதுறது."

சிரித்துக்கொண்டார்கள். மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் பெரியண்ணன், "லாரி ஷெட்டுல லோடு சரியிற கட்டம் பிரமாதம்மா. நீங்க நேர்ல பாத்ததுங்களா?" என்று கேட்டார்.

"இல்லிங்க. வீட்டுக்காரர் லாரி ஆபீஸ்ல கிளார்க். சாப்பிடுறப்ப சொல்லுவார்."

"அதாங்க" என்றார் பெரியண்ணன், வழக்கு முடிந்ததுபோல.

பேனாவை வாங்கி, அவர்கள் கண்ணெதிரே இரண்டு வரி எழுதிக் காட்டினேன். வாத்தியார் கொள்ளிடத்தானின் பழைய தாள்களோடு வைத்துப் பார்த்தார். கையெழுத்து ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார்.

"சார் சொல்லச் சொல்ல நீங்க எழுதுறீங்க. இப்படி ஒரு சம்சாரம் அமைய அவர் குடுத்து வச்சிருக்கணும். வெக்கப்படாம வரச் சொல்லுங்கம்மா."

உண்மையை மறைத்திருந்தால் அதைச் சொல்லித் தப்பிக்கலாம். நான் அதைச் சொல்லி முடித்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

வீரமலையிடம் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்திரிகையை இன்னொரு சுற்று விட்டபின், வாத்தியாரும் பெரியண்ணனும் லாரி ஆபீஸுக்கே போய் அவரைப் பார்த்திருக்கிறார்கள். சவரிராயன் கெட்டவர் இல்லை. என்மேல் கை நீட்டியவர் கிடையாது. அன்று மாலை பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக வந்தார்.

"மேனேஜர் முன்னாடி கை குடுத்துட்டாங்க மேரி. மாலை வேற."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? நாலு பேர் நிக்கிறாங்க. இல்லைன்னா அவங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்." செருப்பைக் கழற்றினார். "கதை என்னது, சொல்லு. நாளைக்கு மேனேஜர் கேப்பாரு."

சொன்னேன். லோடு சரிகிற இடம் வந்ததும், "ஆமா, அப்படித்தான் ஆச்சு. நான் சொன்னதுதானே" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

பத்திரிகையைப் பிரித்தார். என் பெயரை அடித்துவிட்டு, மேலே 'சவரிராயன்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தது. வெள்ளைத் தாள்களில் 'சவரிராயன் அண்ணே' என்று ஆரம்பித்து ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். முடிவை ஒத்துக்கொள்ளாதவரும் எழுதியிருந்தார். அவரோடு சண்டை போட எனக்குக் கை பரபரத்தது.

இவர் பேனாவைத் திறந்துவிட்டு, சற்று யோசித்து, என்னிடம் நீட்டினார். "என் கையெழுத்து வேற மாதிரி இருக்குமே. கண்டுபுடிச்சிடுவாங்க. நான் சொல்றேன், நீ எழுது."

நான் பேனாவை வாங்கினேன்.

"நன்றின்னு ஆரம்பி" என்றார். ஆரம்பித்தேன்.