கீழ் வரிசை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து நாங்குநேரியிலிருந்து திரும்பிய இசக்கிசெல்வி ஆய்வகத்தின் எலி அறைக்குள் நுழைந்ததும் கீழ் வரிசை எழுந்து நின்றது.

மேல் வரிசை எலிகளும் நடு வரிசை எலிகளும் எப்போதும் எழுந்து நிற்பவை. அவற்றுக்குச் சர்க்கரைத் தீவனம். மேல் வரிசையின் பற்களுக்கு மட்டும் ஒரு புதிய பூச்சு. குழந்தைகளின் பல் சொத்தையாகாமல் காக்கும் என்று தயாரித்த கம்பெனி சொல்கிறது. காக்கிறதா என்று பார்க்கத்தான் எலிகள். கீழ் வரிசைக்குச் சர்க்கரையும் கிடையாது, பூச்சும் கிடையாது. சாதாரணத் தீவனம். கூண்டைத் திறந்தாலும் அந்த எலிகள் மூலையிலேயே கிடக்கும். வரும் திங்கட்கிழமை மூன்று வரிசையையும் கொன்று, தாடையை எடுத்து, பல்லைச் சீவி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இன்று கீழ் வரிசை கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றது.

அவள் ஒரு கூண்டை இழுத்து, உள்ளே பரப்பியிருந்த உமியைக் கிளறினாள். ஒரு பொரி. அடுத்த கூண்டில் பாதி பொட்டுக்கடலை. கையுறை பிசுபிசுத்தது. நாட்டுச்சர்க்கரை.

நிமிர்ந்தபோது இரும்புச் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன.

அவள் ஊரிலிருந்த நாட்களில் அறையைப் பார்த்துக்கொண்டவர் சூப்பர்வைசர் அண்ணாதுரை. பக்கத்திலிருக்கும் வல்லம் வடகால்காரர். வெளியே தீவன மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கீழ் வரிசைக்குப் பொரி போட்டது யாரு?"

"அண்ணாச்சின்னு கூப்டாதன்னு எத்தினி தபா சொல்றது? மளிகைக்கடையா வச்சிகினு கீறேன்?"

"யாரு போட்டது?"

"நான்தான். பூஜைம்மா. எதிர் கம்பெனியில மெஷினுக்குப் பொட்டு வச்சான். பஸ்சு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சான். நமக்கு மெஷினு இதுங்கதான? மேல கீறதுக்கு குடுத்துட்டு கீழ கீறதை வுட்டா பாவம் இல்ல?"

"ஒரு நாளா?"

அவர் மூலையைப் பார்த்தார். அங்கே பொரி வந்த சாக்கு காலியாகக் கிடந்தது.

"மீந்துபோச்சு. பொரிக்கூடையைப் பார்த்தாலே ஓடியாருதுங்க. இன்னா பண்ண சொல்ற?"

"சக்கரை திங்காத பல்லு எப்படி இருக்கும்னு பாக்கத்தான அண்ணாச்சி இந்த வரிசையே?"

அண்ணாதுரை மூலைக்குப் போனார். சாக்கை எடுத்து மடித்தார்.

ஆய்வுக்குப் பொறுப்பு டாக்டர் மதிவதனி. செல்வி சொன்னதை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை.

"ரெண்டு கை பொரியில பல் சொத்தையாகாது."

"ஆகுமோ ஆகாதோ, பூச்சுக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிருவோம் மேடம். அவங்க முடிவு பண்ணட்டும்."

"சொன்னா என்ன ஆகும்? இந்த ஆய்வு செல்லாதும்பாங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுசா மூணு வரிசை எலி வரும். அதையும் கொல்லணும். நீதான் பிடிக்கணும். சம்மதமா?"

செல்வி நின்றாள்.

"அண்ணாதுரைக்கு வேலை போகும். அதுவும் சம்மதமா?"

மேசை மேல் ஒரு எலியின் தாடை பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. பழைய ஆய்வினுடையது. செல்வி அதைப் பார்த்தாள்.

"உமியை மாத்திடு. சட்டத்தையும் துடைச்சிடு," என்றார் மதிவதனி.

அவள் மாற்றவில்லை. மறுநாள் காலை வந்தபோது கீழ் வரிசையில் புது உமி இருந்தது. சட்டத்தில் பொட்டு இல்லை.

கேன்டீனில் அண்ணாதுரை அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எலி நாக்குல சக்கரை பட்டதுக்கு நீ இன்னாத்துக்கு துள்ற? உங்க ஊர்ல எலிக்குக் கோயில் கட்டிகினு கீறீங்களா?"

"எங்க ஊர்ல வயல்ல எலியைக் கண்டா அடிச்சே கொல்லுவோம் அண்ணாச்சி. நெல்லைத் திங்கும். அதுக்கு ஒரு காரணம் உண்டு."

"இங்க இல்லியா?"

"பூஜை வரைக்கும் இருந்துச்சு. நீங்களும் மேடமும் சேந்து எடுத்துட்டிய."

"வாய் நீளம் உனக்கு."

"சொல்லிருங்க அண்ணாச்சி. தெரியாம போட்டேன்னு சொல்லிருங்க. முடிஞ்சிரும்."

"எனக்கா முடியும்? என் வேலைதான் முடியும்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை, எலிகளைக் கொல்வதைப் பார்வையிடப் பூச்சுக் கம்பெனியிலிருந்து அமலா வந்தார். நடுத்தர வயது. தலைமுடி வெளியே தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். அண்ணாதுரை கதவருகே நின்றார். மேசை மேல் கண்ணாடிப் பெட்டி. எலியை உள்ளே விட்டு மூடி வாயுவைத் திறந்தால் தூங்கும். பிறகு எழாது.

எலிகளைப் பிடித்துக் கொடுப்பது செல்வியின் வேலை. வந்த நாளிலிருந்து அவள் கைக்குப் பழகியவை. வேறு கை என்றால் மிரளும் என்பதால் கடைசி நாளும் அவளே.

"கீழ் வரிசையிலேருந்து ஆரம்பிக்கலாம்," என்றார் மதிவதனி.

"சொல்லிட்டுக் கொல்லுங்க மேடம்," என்றாள் செல்வி.

மெதுவாகத்தான் சொன்னாள். மதிவதனி அவளைப் பார்க்கவில்லை.

"நீ தள்ளி நில்லு."

மதிவதனியே கூண்டைத் திறந்தார். கையை நுழைத்து, ஒரு எலியின் முதுகை வருடி, வயிற்றோடு தாங்கி எடுத்தார். எலி மிரளவில்லை. கடிக்கவில்லை. அவர் கை நல்ல கை. தான் பிடிக்காவிட்டால் எதுவும் நின்றுவிடாது என்பது செல்விக்குப் புரிந்தது.

அவள் கண்ணாடிப் பெட்டியின் மூடி மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"இந்த வரிசை சர்க்கரை தின்னிருக்கு மேடம்," என்று அமலாவிடம் சொன்னாள்.

"என்னது?"

"இவ லீவுல இருந்தா," என்றார் மதிவதனி. எலி அவர் கையில் இருந்தது. "இவளுக்கு எதுவும் தெரியாது."

"உமியில பார்த்தேன். பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை. ஒரு நாள் இல்ல."

"உமி எங்க?" என்றார் அமலா.

"மாத்தியாச்சு."

"யார் கொடுத்தது?"

"யாருன்னு கேக்காதிய மேடம். தின்னிருக்கு. அவ்வளவுதான்."

அமலா கதவருகே பார்த்தார். "நீங்க சூப்பர்வைசரா? தெரியுமா உங்களுக்கு?"

முகக்கவசத்துக்கு மேல் அண்ணாதுரையின் கண்கள் மட்டுமே தெரிந்தன. அவை தரையைப் பார்த்தன.

"எனக்குத் தெரியாதும்மா."

செல்வி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அமலா அவள் கைகளைப் பார்த்தார், பிறகு மதிவதனியின் கையிலிருந்த எலியைப் பார்த்தார்.

"பொய்யா இருந்தா உன் வேலை போகும்," என்றார் செல்வியிடம்.

"நிஜமா இருந்தாலும் போகும் மேடம்."

அமலா கையுறையைக் கழற்றினார்.

"இன்னைக்கு வேண்டாம். அதை உள்ள விடுங்க."

அமலாவின் கார் ஒரகடம் சாலையில் இறங்கிய பிறகு மதிவதனி செல்வியைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன.

"சொந்தக் காரணம்னு எழுது. சம்பளம், சர்டிபிகேட் எல்லாம் ஒழுங்கா தர்றேன்."

"எழுத மாட்டேன்."

"இனிமே வரப்போற எலி எல்லாம் உன் கணக்குலதான் சாகும். தெரியுமா?"

"தெரியும். என் கணக்குலயே இருக்கட்டும். கொண்டாங்க. கடைசி எலி வரைக்கும் நானே பிடிக்கேன்."

"நீ இங்க இருக்க மாட்ட செல்வி."

"அப்ப அனுப்புங்க. ஏன் அனுப்புதோம்னு நீங்க எழுதி அனுப்புங்க. நானா போக மாட்டேன்."

மதிவதனி பேனாவை எடுத்து மூடினார். திறந்தார்.

செல்வி அறைக்குத் திரும்பி, புது கவுனை மாட்டி, தீவன வாளியைத் தூக்கினாள். கொல்வதற்காக மூன்று வரிசையையும் காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். கதவின் குறுக்கே அண்ணாதுரை நின்றார்.

"உன்னை உள்ள வுடக் கூடாதுன்னு போன் வந்துச்சு."

"தள்ளுங்க அண்ணாச்சி."

"என் பேரை ஏன் சொல்லல நீ?"

"நீங்க சொல்லுவியன்னு பார்த்தேன்."

அவர் முகக்கவசத்தை இறக்கினார். பிறகு ஏற்றிக்கொண்டார். கதவிலிருந்து விலகவில்லை.

"வூட்டுக்குப் போம்மா."

"அதுவ பட்டினியா கெடக்கு."

வாளி கனத்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கூண்டுக் கம்பிகள் அதிரும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.