எத்தனை தலையணை?

பணிமனை நர்ஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "வாரத்தில் எத்தனை நாள் நெஞ்செரிச்சல்?" என்று அச்சடித்து அவள் கொடுத்த நாற்பது படிவங்களிலும் பஸ் டிரைவர்கள் சொல்லிவைத்தாற்போல "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேஸ் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கிறது. ஏப்பம் விட்டால் ஷெட்டே அதிர்கிறது. வியாதி மட்டும் கிடையாதாம்! அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரில் எல்லோருக்கும் இருப்பதை எவன் வியாதி என்பான்?

அவளுக்குக் கவலையெல்லாம் ஒருவரைப் பற்றித்தான். கூடப்பிறந்த அண்ணன், அங்கே மூத்த டிரைவர். மூன்று மாதமாக ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டையும் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறார். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரி என்றாலே "டூட்டி இருக்கு" என்று நழுவிவிடுவார். வியாழக்கிழமை பணிமனைக்கு வரும் டாக்டரோ, தங்கள் வாயாலேயே தொந்தரவைச் சொல்லிப் பட்டியலில் ஏறியவர்களை மட்டுமே பார்ப்பார்.

ஆனால் இவர்கள் வாயைப் பிடுங்கும் வழி அவளுக்குத் தெரியும். நோயை மறைப்பார்கள், பந்தயம் என்றால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டீ நேரத்தில் ஓய்வறைக்குப் போனாள்.

"படிவம் கிடக்கட்டும். எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க? யாருக்கு அதிகம்னு பார்ப்போம்."

"ரெண்டு!"

"ரெண்டா? நமக்கு மூணு!"

"தலையணை எதுக்கு? கட்டில் தலைமாட்டுக்கே செங்கல் வச்சிருக்கேன். இல்லன்னா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்துடுது."

பேனா ஓடியது. முப்பத்தொரு பெயர் சேர்ந்தது. அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார். தோற்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

"போங்கடா, பொடிப்பசங்களா! நான் கட்டில்ல படுத்து ஒரு வருஷம் ஆச்சு. நாற்காலிதான். இப்ப மூணு மாசமா சாப்பாடு நெஞ்சுலயே நிக்குது, தண்ணி ஊத்தித் தள்ளுறேன். என்னை மிஞ்ச எவனாவது இருக்கீங்களா?"

ஒருவரும் இல்லை. செங்கல்காரர் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்தது போல அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவளுக்கு அழுகை முட்டியது. பேனாவை விடவில்லை.

"ஜெயிச்சது நான்தானே?" குரல் இறங்கியிருந்தது.

"நீதாண்ணே." பட்டியலின் முதல் வரியை அவருக்காகவே காலியாக விட்டிருந்தாள். எழுதினாள். "வியாழக்கிழமை முதல் ஆள் நீ. நானும் கூட வரேன்."

டூட்டி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.