லைல் வார்கோவின் அலறல்

பாட்டின் கடைசியில் லைல் வார்கோ போடும் அந்த அலறலுக்காகத்தான் ஜனம் வந்தது. பொய் எதற்கு, கிட்டாருக்காகவும் இல்லை, டிரம்ஸுக்காகவும் இல்லை. அமெரிக்காவில் டோலிடோ என்ற ஊரில் ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்த ‘பிளாக் சைலோ’, பீர்க்கடை பீர்க்கடையாக அலைந்து, அடுத்தவன் பாட்டையெல்லாம் பாடிச் சலித்த கோஷ்டி. முதல் இசைத்தட்டைச் சீந்துவார் இல்லை. இரண்டாவதில் அந்த அலறல் இருந்தது. ரேடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அடுத்த கோடையிலேயே கோஷ்டி பெரிய பெரிய விளையாட்டு அரங்கங்களில் வாசித்தது.

அந்தத் தொண்டையில்தான் இப்போது ரத்தம் வந்தது.

கொலம்பஸில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் வீங்கியிருக்கிறது, இலையுதிர் காலம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார். ஊசி போட்டுக்கொண்டு பாடலாமே, எல்லாப் பாடகனும் அதைத்தானே செய்கிறான் என்று லைல் கேட்டான்.

“போடலாம். வலி தெரியாது. வலி தெரியலேன்னா நீங்க நிறுத்த மாட்டீங்க. நாண் கிழிஞ்சுதுன்னா பாட்டு மட்டுமில்லே, பேச்சும் போயிடும்” என்றார் டாக்டர்.

மேனேஜர் மார்ட்டி ஊர் ஊராகப் போகும் கச்சேரிப் பயணத்தை நிறுத்துவதாக இல்லை. மூன்றாவது இசைத்தட்டு ஊத்திக்கொண்டிருந்த நேரம், இப்போது நிறுத்தினால் மறுபடி பீர்க்கடைதான் என்றான். வழி கண்டுபிடித்தவன் கிட்டார்க்கார ரஸ். லைலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். மேடைக்குப் பின்னால் மலையாக அடுக்கியிருந்த ஸ்பீக்கர்ப் பெட்டிகளில் பாதி வெறும் கூடு, பார்வைக்காக வைத்தது. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான். அந்தக் கூடுகளுக்குப் பின்னால் கர்டிஸ் என்ற கூலிப் பாடகனை மைக்கோடு உட்காரவைத்தார்கள். லைல் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான், அலறல் கர்டிஸுடையது.

முதல் நாள் லைலுக்கு அப்பாடா என்றிருந்தது. அலறலோடு நின்றிருந்தால் சரி. ஊர் மாற மாற உச்சத்தில் வரும் வரிகளும் கர்டிஸிடம் போயின, பிறகு பல்லவியே போனது. கர்டிஸ் நல்ல மனுஷன்தான், லைலுக்குக் காபி வாங்கிக் கொடுப்பான். ஆனால் லைலுடையது மாதிரி வளரட்டும் என்று தலைமுடி வெட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டான். ஒருநாள் பஸ்ஸில், உன் ஷூ என்ன அளவு என்று மார்ட்டி கர்டிஸைக் கேட்டது லைல் காதில் விழுந்தது. என் இடத்தில் அவனையே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று ரஸ்ஸிடம் போய்ச் சொன்னான். பேசாமல் இருந்து இருந்து உனக்கு மூளை குழம்பிவிட்டது என்று ரஸ் சிரித்தான். சிரித்தானே தவிர, லைல் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது சொந்த ஊர். டோலிடோ சந்தை மைதானத்தில், திறந்தவெளி மேடை. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, மகன் பாட்டைக் கழுதை கத்தல் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், முதல் தடவையாகக் கேட்க வருவதாகப் போன் பண்ணியிருந்தார். அவர் முன்னால் இன்னொருத்தன் குரலுக்கு வாயசைப்பதா? லைலுக்கு நினைக்கவே கூசியது. இன்று நானே பாடுகிறேன் என்றான். முடியவே முடியாது என்று ரஸ் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் லைல் சரி என்று தலையாட்டினான். தலையாட்டியவன் மத்தியானமே யாருக்கும் தெரியாமல் டவுனுக்குப் போய், கேள்வி கேட்காத ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். கர்டிஸும் பாடட்டும், என் குரலுக்கு முன்னால் அவன் குரல் எங்கே எடுபடும் என்பது அவன் கணக்கு. பாழாய்ப்போன கணக்கு.

வெயில் இறங்குமுன்பே மேடை ஏறினார்கள். அன்று லைல் ஒரு வரி விடாமல் பாடினான். தொண்டை வெண்ணெயாக வழுக்கியது. பாடுகிறவனுக்காகக் காலடியில் வைத்த ஸ்பீக்கரில் தன் குரல் திரும்பி வருவதைக் கேட்கக் கேட்க அழுகை முட்டியது. கடைசி அலறலில் தொண்டைக்குள்ளே எதுவோ மெல்லப் பிய்ந்தது. வலிக்கவில்லை. மூச்சு தீரும்வரை நிறுத்தாமல் இழுத்தான். மைதானம் எழுந்து நின்றது.

மேடைக்குப் பின்னால் ரஸ் அவனைக் கட்டிப்பிடித்தான். பிறகு அவன் உதட்டோரம் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

“நிஜமாவே பாடினியா?”

லைல் சிரித்தபடி தலையாட்டினான்.

“டேய், உங்கப்பா வந்தா நீ சும்மா இருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. கரகரன்னு வந்து அவர் முன்னாடி நீ அசிங்கப்படக் கூடாதுன்னு, ஜனங்களுக்குப் போற லைன்ல உன் மைக்கை மூடச் சொல்லிட்டேன். உனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு காலடி ஸ்பீக்கர்ல மட்டும் விட்டிருந்தோம். வெளிய கேட்டது பூரா கர்டிஸ்டா.”

லைல் அவன் சட்டையைப் பிடித்தான். ஏன் என்று கேட்க வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான், அதுவும் வரவில்லை. ரஸ் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இத்தனை வருஷம் திட்டியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றார்.

“அந்தக் கடைசிக் கத்தல் இருக்கே, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுடா. பக்கத்துல இருந்தவன்கிட்ட அது என் மகன் குரல்னு சொன்னேன்” என்றார்.

சொல்லிவிட்டு, அவன் ஏதாவது பேசுவான் என்று காத்திருந்தார்.