இசைவாணி சொன்னதும் முருகம்மாள் சொன்னதும்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் மேசைக்கு எதிரே நடந்தது. திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்க்கிறேன். இசைவாணி அங்கே வேலை கேட்டு வந்தாள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘பேச முடியாத ஒரு பெண்...’

அடித்துவிட்டேன். அவள் பேசுவாள். பிறந்ததிலிருந்தே நாக்கும் உதடும் அவளுக்கு வசப்படுவதில்லை. சொற்கள் குழைந்து வரும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா முருகம்மாளுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு புரியும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான்.

(முருகம்மாளைக் கொடுமைக்காரியாக்கினால் எழுதுவது சுலபம். செய்ய மாட்டேன். நானும் அவர்கள் ஊரான எம். புதுப்பட்டிக்காரன்தான், அவளை எனக்குத் தெரியும்.)

2.

இசைவாணி கணினியில் வரைந்திருந்த புஸ்வாணப் பெட்டி லேபிள் முதலாளி லட்சுமிகாந்தத்துக்குப் பிடித்துப் போயிற்று.

“சீசன் ஆரம்பிச்சாச்சு. தினமும் இங்க வந்து செய்ய முடியுமாம்மா?”

இசைவாணி ஏதோ சொன்னாள். முதலாளி, கூட வந்திருந்த முருகம்மாளைப் பார்த்தார்.

“வீட்டுல இருந்தே செஞ்சு தாரேங்குறா, மொதலாளி.”

இசைவாணி பையிலிருந்து போனை எடுத்தாள். விருதுநகரில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அதில் ஒரு செயலியைப் போட்டுத் தந்திருந்தார். அவளுடைய குழைந்த பேச்சைக் கேட்டு, அதையே தெளிவான குரலில் திருப்பிச் சொல்லும். அம்மா வேலைக்குப் போயிருந்த பகல்களில் விடாமல் பேசிப் பேசித் தன் பேச்சை அதற்குப் பழக்கியிருந்தாள். முருகம்மாள் அதைக் கேட்டதே இல்லை.

இசைவாணி அதில் பேசினாள். போன் சொன்னது:

“நான் அப்பிடிச் சொல்லலை. தினமும் வாரேன்னு சொன்னேன்.”

[அறையில் பெரும் நிசப்தம் — இல்லை. பின்னால் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.]

முருகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “பஸ்ஸுல இவ பேசுனா பழிப்புக் காட்டுறானுக, மொதலாளி. குடிச்சிருக்காளான்னு கேட்டான் ஒருத்தன். நான் கூட இருக்கும்போதே இப்பிடி. ஒத்தையில எப்பிடி அனுப்ப?”

“கேட்டா நானே பதில் சொல்லிக்கிடுறேன்மா” என்றது போன்.

லட்சுமிகாந்தம் இப்போது இசைவாணியைப் பார்த்தே பேசினார். “திங்கக்கிழமை வந்துருங்க.”

3.

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன்: ‘அம்மா, இத்தனை ஆண்டுகளாக என் குரலை நீ...’ நன்றாகவே வந்திருந்தது. இசைவாணியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அண்ணே, இது ஆரு பேசுறது? அம்மாவும் இப்பிடித்தான். நான் சொல்லாததைச் சேத்துக்கிடும்.”

வசனத்தை எடுத்துவிட்டேன்.

4.

அவள் வேலை கேட்டு வந்த அன்று சாயங்காலம் மூவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நான் அவர்களுக்குப் பின் இருக்கையில் இருந்தேன். முருகம்மாள் கேட்டாள்.

“அப்ப, இம்புட்டு நாளா நான் சொன்னதெல்லாம் பொய்யா?”

“கொஞ்சம்” என்றது போன்.

“எதெது?”

இசைவாணி போனைப் பைக்குள் போட்டாள். அம்மா பக்கம் திரும்பி, தன் சொந்தக் குரலில், நிறைய நேரம் பேசினாள். முன்னால் இருந்த ஒருவன் திரும்பி முறைத்தான். அவள் நிறுத்தவில்லை. முருகம்மாள் முதலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒவ்வொரு ஒலியும் என் காதில் விழுந்தது. ஒன்றும் புரியவில்லை.

பிற்பாடு கேட்டுப் பார்த்தேன். “அது அம்மாட்ட சொன்னது, அண்ணே” என்று முடித்துக்கொண்டாள்.

அவள் மன்னிப்புக் கேட்டதாக எழுதிப் பார்த்தேன். சண்டை போட்டதாக எழுதினேன். அம்மா மாற்றிச் சொன்னதையெல்லாம் அம்மா மாதிரியே பேசிக் காட்டியதாகவும் எழுதினேன். மூன்றுமே பொருந்தின. மூன்றையும் எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்தாலும், திங்கட்கிழமை காலை இசைவாணி தனியாகத்தான் பஸ் ஏறி வந்தாள்.