ஆறாவது கடையில் நிற்பவர்

பீட்சாக்கடை முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் இறந்து, வெள்ளிக்கிழமை காலை தன் ஆறு கடைகளிலும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்தார். மாவு பிசைந்தார், சீஸ் துருவினார், அடுப்பின் முன் நின்று வேர்த்தார். ஊழியர்கள் இரண்டு நாள் ஒதுங்கி நின்றார்கள். மூன்றாம் நாள் வழக்கம்போல் அவரிடம் திட்டு வாங்கினார்கள். ஆனால் ஆறு பேரும் ஒரே ஆள் இல்லை. எந்தக் கடையை எந்த வயதில் திறந்தாரோ, அங்கே அந்த வயதில் நின்றார். இருபத்தாறு வயதில் திறந்த முதல் கடையில் மீசை கருகருவென்றிருந்தது. ஐம்பத்தைந்தில் திறந்த ஆறாவதில் முட்டிவலிக்குப் பட்டை கட்டியிருந்தார். கடை திறந்த நாளுக்குப் பிறகு நடந்தது எதுவும் அந்தந்த ஆளுக்குத் தெரியாது.

மனைவி முதலில் போனது முதல் கடைக்கு. அவரைப் பார்த்ததும் கறுத்த மீசைக்காரர் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னம்மா வேணும்? உக்காருங்க, பத்து நிமிஷம் ஆகும்." அவரைப் பெண் பார்க்கப் போவதற்கு இரண்டு வருஷம் முந்தைய ஆள் அது. அந்த அம்மாள் ஒரு முழு பீட்சாவையும் சாப்பிட்டு முடித்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். இரண்டாவது கடையில் நின்ற முப்பது வயதுக்காரர் அவரைத் தன் மாமியார் என்று நினைத்துக் கைகட்டி நின்றார். பிறகு அந்த அம்மாள் எந்தக் கடைக்கும் போகவில்லை.

அடுத்த ஆண்டு நான்காவது கடை இருந்த கட்டடத்தை உரிமையாளர் இடித்தார். அடுப்பின் கடைசிச் செங்கல் பெயர்ந்ததும் அங்கே நின்றவர் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அதன்பின் அவரைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை அழுததைவிட அன்றுதான் குடும்பம் அதிகம் அழுதது.

ஆறாவது கடை வேறு கதை. அது திறப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் மகள், போட்டிக் கடையொன்றில் பீட்சா சுடும் ஒருவரோடு வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அப்பா சாகும்வரை அவளிடம் பேசவில்லை. ஆறாவது கடையில் நின்றவருக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. ஓரமெல்லாம் கரியாகும்வரை சுட்டார். சாப்பிட வருகிறவர்கள் குறைந்தார்கள். அடுப்பை இடித்துவிட்டுக் கடையைச் செருப்பு வியாபாரிக்குக் கொடுத்துவிட மகன் முடிவு செய்தான்.

செய்தி கேட்டு மகள் வந்தாள். வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு வருஷம் கழித்து, முதல்முறையாக அந்தக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டார். "அப்பா" என்று எத்தனை தடவை கூப்பிட்டும் மாவை ஓங்கி அறைவதே பதிலாக இருந்தது. கடை மூடும்வரை நின்றுவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் அப்படியேதாம்மா இருக்காரு. கொஞ்சம்கூட இறங்கி வரல."

"அவருக்கு அந்தக் கோபம் மூணு வாரம்தான் ஆகுது. உனக்குத்தான் பதினொரு வருஷம்" என்றார் அம்மா.

அண்ணன் சமாதானம் சொன்னான். "அஞ்சாவது கடைக்குப் போ. அங்க இருக்கற அப்பா உன்னப் பத்தி நாள் முழுக்கப் பேசுறாரு. காலேஜ் விட்டு வந்தாளா, சாப்பிட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அவரு பத்தொம்பது வயசுப் பொண்ணத் தேடுறாருண்ணா. நான் போனா யாருன்னு கேப்பாரு. இவருக்குத்தான் என்னைத் தெரியுது. தெரிஞ்சுதான் திரும்பிக்கிறாரு. இந்த அடுப்பை இடிக்காத. கடைய நான் பாத்துக்கறேன்."

அண்ணன் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

மகள் மறுநாளே வேலையில் இறங்கினாள். பெரியவர் கருக்கிய பீட்சாக்களை ஓரம் நறுக்கி, பாதி விலைக்கு விற்றாள். தான் சுட்டதை முழு விலைக்கு விற்றாள். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே அன்றன்று நடந்ததைச் சொல்வாள்: குழந்தைக்குப் பல் முளைத்தது, வீட்டுக்காரருக்குச் சம்பளம் கூடியது. அவர் ஒரு நாளும் திரும்பவில்லை. ஒன்பது வருஷத்தில் கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. கரிந்த ஓரத்துக்கென்றே சிலர் வர ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறார்கள்: கைகளை முழங்கைவரை கழுவ வேண்டும், அடுப்புக்கு இடதுபக்கம் முதலாளியம்மாவின் அப்பா கோபமாக நிற்பார், கொஞ்சம் விலகிப் போக வேண்டும்.