ஒரு வாய்க்கு ஒரு வார்த்தை

அந்த வீட்டில் பேரம் படிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா, சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெரியவள், பள்ளிக்கூடம் போகும் சின்னவள் என்று நாலே பேர். பெரியவள் பிறந்தபோது ஆண் குழந்தை என்றுதான் எழுதினார்கள். விவரம் தெரிந்த பிறகு, தான் பெண் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியும் அப்பாவும் அம்மாவும் "டேய்" என்பதை விடவில்லை. அக்கா என்று கூப்பிட்டது சின்னவள் மட்டும்தான். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

பெரியவளுக்குத் தன் தோள்களைக் கண்டால் ஆகாது. காகிதக் கட்டு வந்து இறங்கும்போதெல்லாம் முதலாளி, "என்னப்பா, பீரோ மாதிரி தோளை வெச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிற?" என்பார். அவர் விளையாட்டாகச் சொன்னது இவள் மனசுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எலும்பைக் கரைக்க முடியாது. சதையையாவது கரைக்கலாம் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். சின்னவளின் சட்டை தனக்குப் பொருந்திய அன்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என் துணியெல்லாம் ஒனக்கே எழுதி வெச்சிடறேன்க்கா. நான் துண்டைக் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன்," என்றாள் சின்னவள். இருவரும் சிரித்தார்கள். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

பிறகு பெரியவள் கடையில் மயங்கி விழுந்தாள். டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார். அப்பா அதட்டிப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தாள். ஒன்றும் பலிக்காமல், அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீ சாப்பிடு. ஒன்னப் பொண்ணுன்னே கூப்பிடறோம். அப்பாவும் கூப்பிடுவாரு."

அப்பா தொண்டையைச் செருமினார். "சாப்பிடும்மா," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

பெரியவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து, சாப்பிட உட்கார்ந்தால் அவள் பெண். தட்டைத் தள்ளினால் மறுபடியும் "டேய்". வேளாவேளைக்கு உட்கார்ந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

சின்னவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. சாப்பிட்டு எழுந்ததும் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடும்; அந்தச் சத்தத்துக்கு அடியில் ஓங்கரிப்பது கேட்கும். வெளியே வரும் அக்காவின் கண்கள் சிவந்திருக்கும்.

"அம்மாகிட்ட சொல்லிடுவேன்க்கா."

"சொல்லு. நாளைக்கே மறுபடியும் டேய்தான்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஒனக்கென்னடி, பொறந்ததுலேர்ந்து சும்மாவே கூப்பிடறாங்க."

சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வார்த்தை போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாள். இரண்டையும் நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டே திரிந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சின்னவள் சலவைக் கடைக்கு ஓடி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா திட்டவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, "கண்ணு, நீ சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் என் பொண்ணுதான்டி. இனிமே பேரமே கெடையாது," என்றாள்.

பெரியவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிக் கூப்பிடாதம்மா. கேட்டாலே சோத்து வாசனை அடிக்குது. கொமட்டுது."

அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவளை எப்படிக் கூப்பிடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிட்டே போய்த் தொட்டுத்தான் எழுப்பினார்கள். மூக்கில் போட்ட குழாய் வழியே போன கஞ்சியை உடம்பு ஏற்கத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இதயம் அதற்குக் காத்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டு அத்தை தட்டோடு வந்து சின்னவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு வாய் வாங்கிக்கடி. நீ சாப்பிட்டாத்தான் ஒங்கக்கா மனசு ஆறும்."

வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்து, அவர் கையிலிருந்து தட்டை வாங்கினார். சின்னவளுக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தார்.

"இங்க இருக்கு," என்றார். "பசிச்சா எடுத்துக்கோ. பசிக்கலன்னா இருக்கட்டும்."

அத்தையையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.