இரண்டு கம்பிகள்

அந்த வீட்டுச் சுவரில் இரண்டு கம்பிகள் தொங்கும். ஒன்றில் முடிந்த வேலைகளின் சீட்டு, மற்றதில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டியவை. ஊர்க் குழாய்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் பிளம்பருக்கு அதுதான் ஆபீஸ். சீட்டுகளைக் குத்தி வைப்பது மனைவியின் பொறுப்பு. அவருக்குப் பித்தப்பையை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கவரையும், கல்லோடு தொல்லையும் ஒழிந்தது என்று, பிரிக்காமலேயே முடிந்த கம்பியில் குத்திவிட்டாள்.

நாலு மாதம் கழித்து, ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களா, ஏன் வரவில்லை என்று டாக்டர் போனில் கேட்டபோது அவள் ஓடிப்போய் முடிந்த கம்பியிலிருந்து அந்தக் கவரை உருவினாள்.

நடுவில் ஓட்டை விழுந்த காகிதத்தை மேஜையில் வைத்து டாக்டர் விளக்கினார். பையை வெட்டிய இடத்தில், அதைப் பெரிய பித்தக் குழாயோடு சேர்க்கும் சின்னக் குழாயின் உட்புறத்தில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகலாம். மறுபடி ஆபரேஷன் செய்து அந்தச் சின்னக் குழாயில் மிச்சமிருக்கும் துண்டை வெட்டி, அந்த முனையை அப்போதே சோதிப்பார்கள். அதிலும் மாற்றம் இருந்தால் பெரிய குழாயிலேயே கை வைக்க வேண்டும்.

"முனையில துரு இருந்தா நான் யோசிக்காம ரெண்டு அங்குலம் தள்ளி வெட்டுவேன், டாக்டர்," என்றார் பிளம்பர்.

"உங்களுக்குப் புதுக் குழாய் கடையில கிடைக்கும். எனக்குக் கிடைக்காதே."

பிளம்பர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அந்த மனுஷனோ வழியில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டாயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள், உட்கார்ந்தாள். இந்த நாலு மாதத்தில்தான் அது முற்றியிருந்தால்? அந்தக் கம்பியைப் பிடுங்கித் தன் கையிலேயே குத்திக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் நர்ஸ் வந்து, முனை சுத்தமாக இருக்கிறது, பெரிய குழாயைத் தொடவில்லை என்றபோது, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பத்து நாளில் அடுத்த கவர் வந்தது. உடனே பிரித்து, வரி விடாமல் இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாம் நல்லபடியா இருக்கில்ல? முடிஞ்சதுல குத்திடு," என்றார் அவர், படுத்தபடியே.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி, அவள் அதை மற்ற கம்பியில் குத்தினாள்.

"அப்ப ஆயுசு பூரா நான் முடியாத வேலைதானா?"

"ஆமா," என்றாள். "முடியாமலே இருங்க."